விளையாட்டுத் திரையில் மனித உருவம்

தோற்றுவாய்

மனிதர் தம் கையாற் செய்த மனித உருவங்களில் கண் கண்ட அளவும் உண்டு. மனம் விரும்பிய அளவும் உண்டு. ஓவியம் கற்பிக்கும் நூல்கள் இதனை மறைப்பதில்லை. வளர்ந்த மனிதரின் உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலையளவு என்று அவை முதலில் உரைக்கும். அதன் பின்னரே, பொலிவு வேண்டின் எட்டுத் தலையளவாக வரைக என்றும், வீரனை வரையுங்கால் அதனினும் சிறிது மிகுத்துக்கொள்க என்றும் கூறும். பயிலும் மாணவன் இரண்டையும் அறிந்துகொண்டே எழுதுகோலைக் கையில் எடுக்கின்றான். ஆகலின், உள்ளது எது, விரும்பப்பட்டது எது என்னும் வேறுபாடு அவன் உள்ளத்தினின்றும் எளிதில் நீங்குவதில்லை.

வீடியோ விளையாட்டுக்களில் தோன்றும் மனித உருவங்களைப் பற்றி இக்கட்டுரையில் ஆராயப் புகுந்தோம். இது கல்லூரி மலருக்கு ஏற்ற பொருளோ என்று சிலர் ஐயுறலாம். நம் மாணவருட் பலர் நூலகத்திற் செலவிடும் நேரத்தினும் மிகுதியான நேரத்தைக் கைப்பேசியின் முன்னும் கணினியின் முன்னும் விளையாட்டிற் செலவிடுகின்றனர் என்பது நம் விடுதிக் காவலரும் அறிந்த செய்தி. நாள்தோறும் நாம் எவ்வுருவங்களோடு பழகுகின்றோமோ அவ்வுருவங்கள் நம் கண்ணையும் பழக்கிவிடும். அங்ஙனம் பழகிய கண், உலகில் உள்ள உடலை இல்லாததென்றும், எங்கும் இல்லாத உடலை இயல்பென்றும் கொள்ளத் தலைப்படும். இதனையே நாம் ஈண்டுக் காட்டக் கருதினோம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. மூன்று ஆண்டுகட்கு முன் ஒரு மாலை, விடுதி முற்றத்தில் மாணவர் சிலர் கூடியிருந்தனர். அவருள் முதலாண்டு மாணவர் ஒருவர் பருத்த உடலினர். அவரை உடன் பயில்வோர் ஒரு விளையாட்டில் வரும் அரக்கனின் பெயரால் அழைத்தனர்; அவரும் நகைத்துக்கொண்டே மறுமொழி தந்தார். பின்னர் அவரைத் தனியே கண்டு, “இப்பெயர் உமக்கு வருத்தந் தரவில்லையோ?” என்று வினவினோம். “பழகிவிட்டது, ஐயா. அந்த விளையாட்டில் என்னைப்போல் உடம்புள்ளவன் அவன் ஒருவன்தான். நான் ஆடும்போதும் அவனைக் கொன்றுதான் அடுத்த கட்டத்துக்குப் போகவேண்டும்” என்றார். இவ்விடை எம் உள்ளத்தைவிட்டு அகலவில்லை.

கருவி தந்த உருவம்

விளையாட்டுத் திரையில் மனித உருவம் தோன்றிய தொடக்க காலத்தில் அழகென்னும் வினாவுக்கே இடமில்லாதிருந்தது. அக்காலத்து இயந்திரங்கள் ஓர் உருவத்திற்கு ஒதுக்கிய ஒளிப்புள்ளிகள் மிகச் சில. 1980ஆம் ஆண்டில் ஜப்பானிய நாமகோ நிறுவனத்தைச் சார்ந்த டோரு இவாட்டானி அமைத்த பாக்மேன் என்னும் பாத்திரத்துக்கு உடலே இல்லை. வாய் பிளந்த ஒரு மஞ்சள் வட்டமே அது. அடுத்த ஆண்டில் நின்டெண்டோ நிறுவனத்திற்காக ஷிகேரு மியாமோட்டோ டாங்கி காங் என்னும் விளையாட்டை அமைத்தார். பிற்காலத்தில் மாரியோ என உலகெங்கும் பெயர்பெற்ற பாத்திரம் அதிலேதான் முதன்முதல் தோன்றிற்று. சில புள்ளிகளுக்குள் தலைமயிரை வரைதல் அரிதாயிருந்தமையின் தொப்பி அணிவித்தனர். வாயை வரைதல் அரிதாயிருந்தமையின் மீசை வைத்தனர். கைகளின் வீச்சு உடலினின்றும் பிரிந்து தெரியவேண்டித் தோளிலிருந்து தொங்கும் தொழிலாளர் உடையைத் தந்தனர். இவ்வாறு குள்ளமும் பருமையும் மீசையுமாய்ப் பிறந்த அம்மனிதனை நாற்பதாண்டுகட்கு மேலாக உலகத்துச் சிறுவர் விரும்பி ஆடிவருகின்றனர். ஆடுவோர் மெலிந்த அழகனையே விரும்புவர் என்னும் கூற்றுக்கு இவ்வொரு பாத்திரமே தக்க மறுப்பாம்.

ஆயினும் அத்தொடக்க காலத்திலேயே ஒரு வழக்கம் வேரூன்றியது. பாக்மேனுக்குத் துணையாக அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டில் ஒரு பெண்பாத்திரம் வெளிவந்தது. அதுவும் வட்டமே, ஆயினும் அதன் தலையில் நாடா முடிச்சும், வாயில் உதட்டுச் சாயமும் சேர்க்கப்பட்டன. ஆணுக்கு அடையாளம் ஒன்றும் வேண்டுவதில்லை. வெறும் வட்டமே ஆணாகக் கொள்ளப்பட்டது. பெண்ணோ எனின் அணிகலனின்றிப் பெண்ணாகத் தோன்றலாகாது என்பது அன்றே விதிபோலாயிற்று.

1986ஆம் ஆண்டில் வெளிவந்த மெட்ராய்ட் என்னும் விளையாட்டு இதனினும் நுட்பமான சான்றாகும். அதில் சாமஸ் என்னும் வீரர் தலைமுதல் கால்வரை கவசம் பூண்டு பகைவரை வெல்வர். இறுதியில்தான் அவர் பெண் என்பது வெளிப்படும். ஆண் என்றே எண்ணி ஆடினோர் வியப்புற்றனர், அவ்வியப்பு நல்லதே. ஆனால், எவ்வளவு விரைவில் ஆட்டத்தை முடிக்கின்றோமோ அவ்வளவு குறைந்த உடையில் அவர் காட்சி தரும்படி அதனை அமைத்தனர். ஒரு மணி நேரத்திற்குள் முடித்தார்க்கு நீச்சலுடையளவான சிற்றாடையிற் காட்டினர். ஆட்டம் முழுதும் வீரராய் இருந்தவர், முடிவில் ஆடினோர்க்குரிய பரிசுப் பொருளாயினர்.

வேற்றுமை எவருக்கு வழங்கப்பட்டது?

இயந்திரத்தின் ஆற்றல் வளர்ந்தபின் உருவங்கள் பெரியவாயின. 1991ஆம் ஆண்டில் ஜப்பானிய காப்காம் நிறுவனம் வெளியிட்ட இரண்டாம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்னும் மற்போர் விளையாட்டில், ஆடுவோர் தேர்ந்துகொள்ளத்தக்க வீரர் எண்மர். அவருள் மலையன்ன உடலினரான சுமோ மல்லர் ஒருவர். உடலெங்கும் மயிர் அடர்ந்த ரஷ்ய மல்லர் ஒருவர். பச்சை நிறத்து விலங்கு மனிதர் ஒருவர். விலா எலும்பு தோன்ற மெலிந்த இந்திய யோகி ஒருவர். இவ்வாறு ஆடவர் எழுவருள் பலர் தம்முள் மிகவும் வேறுபட்டிருந்தனர். பெண் ஒருவரே. அவர் பெயர் சுன்லி. பெண்ணுடலில் வேற்றுமை காட்டுதற்கு அவ்வாட்டத்தில் இடமே வைக்கப்படவில்லை.

அவ்விந்திய யோகியின் பெயர் தால்சிம். கை கால்கள் இரப்பரைப்போல் நீளும். வாயினின்றும் தீப்பிழம்பு எழும். கழுத்தில் மண்டையோட்டு மாலை தொங்கும். நம் நாட்டு இளைஞர் பலர் அவ்வாட்டத்தில் தம் நாட்டவர் ஒருவரைக் கண்டு மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியைக் குறைகூற நாம் விரும்பவில்லை. ஆயினும் பலவகை உடல்களைக் காட்டுதல் வேறு. அவ்வுடல்களை உண்மையாகக் காட்டுதல் வேறு. ஒரு நாட்டினரை வேடிக்கை உருவாக்கிக் காட்டுவதால் உருவங்களின் எண்ணிக்கை பெருகுமேயன்றி அறிவு பெருகாது.

உடல் வேற்றுமை ஆட்டத்திற்கே பயன்படுவது என்பதையும் வடிவமைப்போர் அறிவர். 2007ஆம் ஆண்டில் அமெரிக்க வால்வ் நிறுவனம் வெளியிட்ட இரண்டாம் டீம் ஃபோர்ட்ரஸ் என்னும் ஆட்டத்தில் ஒன்பது வகை வீரர் உளர். தொலைவில் வெறும் நிழலுருவாகத் தோன்றினும் இன்னார் என்று நொடியில் அறியத்தக்கவாறு ஒவ்வொருவர்க்கும் உயரமும் பருமையும் நடையும் வேறு வேறாக வகுக்கப்பட்டன. ஆகவே உடல்களை வேறுபடுத்தும் கலையை அத்தொழிலினர் அறியார் என்று சொல்ல இயலாது. அக்கலை எவருக்குச் செலவிடப்பட்டது, எவருக்குச் செலவிடப்படவில்லை என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

இவ்வினாவுக்கு எண்ணாலும் ஒரு விடை உண்டு. அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் 150 விளையாட்டுக்களை எடுத்து, அவற்றில் தோன்றும் பாத்திரங்களை மக்கட்கணக்கு எடுப்பதுபோல் எண்ணி, 2009ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு ஏறக்குறைய 85 பாத்திரங்கள் ஆடவராயிருந்தனர். குழந்தைகளும் முதியோரும் உலகில் உள்ள அளவினும் மிகக் குறைவாகவே காணப்பட்டனர்.

1996ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டார்பி நகரத்துக் கோர் டிசைன் நிறுவனம் வெளியிட்ட டூம் ரெய்டர் என்னும் விளையாட்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். பழைய கல்லறைகளையும் கோயில்களையும் துணிந்து ஆராயும் லாரா கிராஃப்ட் என்னும் பெண்ணே அதன் தலைமைப் பாத்திரம். பெண்ணொருத்தி அறிவும் ஆண்மையும் உடையளாய் ஒரு பெரு விளையாட்டை நடத்திச் செல்வது அக்காலத்துப் புதுமை. ஆயின் அவளுடைய இடை மனித உடலில் அமைதற்கரிய அளவு சிறுத்தும், மார்பு அங்ஙனமே பெருத்தும் அமைக்கப்பட்டன. விளம்பரங்களோ அறிவை விட்டு உடலையே முன்னிறுத்தின. அப்பாத்திரத்தைப் படைத்த டோபி கார்ட் அடுத்த ஆண்டிலேயே அந்நிறுவனத்தை விட்டு நீங்கினார். 2013ஆம் ஆண்டில் அவ்வாட்டத்தைப் புதிதாக அமைத்தோர், மலை ஏறவும் விழவும் காயமுற்று எழவும் கூடிய ஒரு பெண்ணின் உடலளவை லாராவுக்குத் தந்தனர். அதனால் ஆட்டம் விலைபோகாது என்று அஞ்சினோர் ஏமாந்தனர். அவ்வரிசையில் அதற்குமுன் வந்த எதனினும் அது மிகுதியாக விற்பனையாயிற்று.

ஒரே எலும்புச் சட்டம்

இனி, பலவகை உடல்களை அமைக்கத் தடையாகக் கூறப்படும் காரணங்களுள் தலையாயதனை நோக்குவாம். இக்காலத்து விளையாட்டில் ஓர் உடல் அமைவது எங்ஙனம் என்பதை அறிந்தாலன்றி அக்காரணத்தை நிறுத்துப் பார்க்க இயலாது.

முதலில், கண்ணுக்குத் தோன்றாத ஓர் எலும்புச் சட்டத்தை அமைப்பர். அதன்மேல் ஆயிரக்கணக்கான சிறு முக்கோணத் துண்டுகளால் ஆகிய தோலைப் போர்த்துவர். முழங்கை மடங்கினால் எந்தத் துண்டு எவ்வளவு நகரவேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வகுப்பர். நடையும் ஓட்டமும் பெரும்பாலும் உயிருள்ள நடிகரிடமிருந்து பெறப்படுவன. நடிகரின் உடலிற் குறிகள் ஒட்டி, அவர் அசைவைப் பல காமிராக்களாற் பதிவு செய்து, அதனை எலும்புச் சட்டத்திற்கு ஏற்றுவர். ஒரு சட்டத்திற்குச் செய்த அசைவை அதே அளவுடைய நூறு பாத்திரங்களுக்குப் பயன்படுத்தலாம். பாத்திரம் பருத்ததாயின், இடுப்பிற் கைவைக்கும் அசைவில் கை வயிற்றுக்குள் புதையும். குள்ளமாயின், கதவின் பிடியைத் தொடவேண்டிய கை காற்றைத் தொடும். ஓர் உடலுக்குத் தைத்த சட்டை மற்றோர் உடலைத் துளைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே புதிய உடல் ஒவ்வொன்றும் புதிய உழைப்பே, உழைப்பு பொருட்செலவே. இதனை மறுப்பார் இலர்.

ஆயினும் இக்காரணம் எத்துணைத் தூரம் செல்லும்? 2014ஆம் ஆண்டில் அசாசின்ஸ் கிரீட் என்னும் வரிசையின் புதிய ஆட்டத்தில், பலர் கூடி ஆடும் பகுதியில் பெண்பாத்திரம் ஏன் இல்லை என்று கேட்டபோது, அசைவுகளையும் உடைகளையும் இருமடங்கு செய்யவேண்டிவரும் என்று விடை கூறப்பட்டது. அவ்வரிசையில் முன்னர்ப் பணிபுரிந்த அசைவுக் கலைஞர் ஒருவர், அது ஓரிரு நாள் வேலையே என்று வெளிப்படையாக மறுத்துரைத்தார். இதற்குப் பத்தாண்டுகட்கு முன்னரே, 2004ஆம் ஆண்டில், கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவின் சான் ஆண்ட்ரியாஸ் என்னும் ஆட்டத்தில், தலைமைப் பாத்திரம் மிகுதியாக உண்டால் பருக்கவும், உடற்பயிற்சி செய்தால் திரளவும் அமைத்திருந்தனர். பருத்தால் ஓட்டம் தளரும்; ஊரார் பேச்சும் மாறும். அந்நாளைய சிறு இயந்திரத்தில் அது இயன்றது. இவற்றால் நாம் அறிவது யாதெனின், செலவு உண்மையே. எனினும் எதற்குச் செலவிடுவது என்பதை முடிவு செய்வது விருப்பமே. குதிரையின் பிடரிமயிர் காற்றில் அசையவும், நீரில் நிலவு தோன்றவும் பல திங்கள் உழைப்போர், ஒரு பருத்த பெண் நடப்பதற்கு உழைக்க நேரமில்லை என்று கூறின், அது நேரத்தைப் பற்றிய செய்தியன்று.

உள்ள உடல் பொய்யெனப்பட்டமை

2020ஆம் ஆண்டில் நாட்டி டாக் நிறுவனம் இரண்டாம் லாஸ்ட் ஆஃப் அஸ் என்னும் விளையாட்டை வெளியிட்டது. கொள்ளைநோயால் அழிந்த அமெரிக்காவே அதன் களம். அதில் ஆபி என்னும் பெண் தோளும் புயமும் திரண்ட உடலினள். தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்கக் கருதிப் பல ஆண்டுகள் உடலை வருத்திப் பயின்றவள் அவள். அவள் வாழும் குடியிருப்பு ஒரு பெரிய விளையாட்டரங்கில் அமைந்தது. ஆங்கு உணவும் உண்டு, உடற்பயிற்சிக் கூடமும் உண்டு என்று கதையே காட்டுகிறது. இருந்தும், இத்தகைய உடல் பெண்ணுக்கு அமையாது என்று ஆடினோருட் பலர் கூச்சலிட்டனர். உண்மை யாதெனின், அவ்வுடல் கற்பனையன்று. காலீன் ஃபாட்ச் என்னும் உடற்பயிற்சி வீராங்கனையின் உடலைப் பார்த்தே ஆபியின் உடல் அமைக்கப்பட்டது. உயிரோடு உலவும் ஒருவரின் உடலைக் கண்டு, இஃது உலகில் இருத்தற்கியலாது என்று தீர்ப்புக் கூறினர். அம்மட்டோ? ஆபிக்குக் குரல் தந்த நடிகை லாரா பெய்லிக்குக் கொலைமிரட்டல்கள் வந்தன. அவர் அவற்றை 2020 ஜூலையில் வெளிப்படுத்தினார்.

ஆடவர் திறத்தும் இதுவே நிகழ்ந்தது. 2021ஆம் ஆண்டில் காட் ஆஃப் வார் வரிசையின் அடுத்த ஆட்டத்திற்கு முன்னோட்டம் வெளியிட்டபோது, வடநாட்டுப் பழங்கதைகளின் இடித்தேவனான தோர் பெருவயிறு உடையவனாகக் காட்டப்பட்டான். திரைப்படங்களில் வயிற்றுத் தசை கட்டம் கட்டமாகத் தோன்றும் தோரைக் கண்டு பழகியோர், தேவனை இழிவுபடுத்தினர் என்றனர். பாரம் தூக்கும் போட்டிகளை நேரிற் கண்டோர்க்கு அவ்வையம் எழவில்லை. வயிற்றுத் தசை வரிவரியாகத் தோன்றுவது, தோலின் கீழுள்ள கொழுப்பு மிகக் குறைந்தமைக்கு அடையாளமேயன்றி வலிமைக்கு அடையாளமன்று. பெரும் பாரத்தைத் தூக்குவோர்க்கு நடுவுடல் தூண்போல் திரண்டிருக்கும். 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஆட்டத்தில் அத்தோர் எத்துணை வலியன் என்பதை ஆடினோர் அனைவரும் கண்டனர்.

அதே காலத்தில் ஆலோய் என்னும் மற்றொரு தலைமைப் பாத்திரத்தின் கன்னத்தில் மென்மயிர் தோன்றிற்று என்றும், முகம் பருத்தது என்றும் சிலர் குறைகூறினர். கன்னத்தில் மென்மயிர் இல்லாத மனித முகம் ஏது? இவ்வெல்லாக் குறைகளிலும் எழுந்த சொல் ஒன்றே: ‘இயல்பாக இல்லை’ என்பது. இரும்புக் கச்சை ஒன்றையே கவசமாகப் பூண்டு பனிமலையிற் போர்புரியும் பெண்களைப் பல்லாண்டுகளாகக் கண்டும் எழாத அச்சொல், உண்மையான புயத்தையும் உண்மையான வயிற்றையும் உண்மையான கன்னத்தையும் கண்டபோது எழுந்தது. இயல்பு என்னும் சொல் ஈண்டு இயற்கையைக் குறிக்கவில்லை, பழக்கத்தையே குறித்தது.

அணிந்துகொள்ளும் உடல்

ஓவியத்திலும் திரைப்படத்திலும் உருவத்தை நாம் வெளியே நின்று காண்கின்றோம். விளையாட்டிலோ அவ்வுருவத்தை உடைபோல் அணிந்துகொள்கின்றோம். அதன் கையால் எடுக்கின்றோம், அதன் காலால் ஓடுகின்றோம். இவ்வேறுபாடு சிறிதன்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்னும் இருவர் நடத்திய சோதனைகளின் முடிவு 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. கணினி அமைத்த மாய அறையில் சிலருக்கு அழகிய முகமும், சிலருக்கு அழகு குறைந்த முகமும் தரப்பட்டன. அழகிய முகம் பெற்றோர் பிறர் அருகில் நெருங்கி நின்றனர். தம்மைப் பற்றி மிகுதியாகப் பேசினர். மற்றொரு சோதனையில் சிலருக்கு உயர்ந்த உருவமும் சிலருக்குக் குறுகிய உருவமும் தந்து, பணத்தைப் பங்கிடச் செய்தனர். உயர்ந்த உருவம் பெற்றோர் தமக்கே மிகுதியாக எடுத்துக்கொள்ள முனைந்தனர். குறுகிய உருவம் பெற்றோர் நியாயமற்ற பங்கையும் ஏற்றுக்கொண்டனர். சில நிமிடமே அணிந்த உருவம் இத்துணை செய்யுமாயின், ஆண்டுக்கணக்கில் அணியும் உருவம் ஒன்றும் செய்யாது என்று எண்ணியிருத்தல் அறிவுடைமையாகாது.

ஈண்டு ஒரு தடை எழும். விளையாட்டு என்பது கனவு. கனவிலாவது அழகராகவும் வலியராகவும் இருக்க விரும்புதல் குற்றமோ என்று கேட்பர். குற்றமன்று. அழகிய உருவத்தை விரும்புதலை நாம் இகழவில்லை. அவ்விருப்பம் இன்றேல் கலையே இல்லை. நாம் வருந்துவது, எல்லார்க்கும் ஒரே கனவு அளக்கப்படுவதைப் பற்றியே. அன்றியும், ஆடவரின் பெருந்தோள் ஆடுவோர் அணிந்து மகிழ்தற்கும், பெண்டிரின் சிற்றிடை ஆடுவோர் பார்த்து மகிழ்தற்கும் பெரும்பாலும் அமைக்கப்பட்டன. கனவு எனின், அது எவருடைய கனவு என்று கேட்கவும் வேண்டும். பருத்த உடலுக்கு வில்லனும் கோமாளியும் ஆகிய இரண்டு வேடமே தரப்படுமாயின், அவ்வுடலுடைய சிறுவன் கனவிலும் தன்னைக் காண இயலாதவன் ஆகின்றான்.

மாறிவருவன

நல்ல மாறுதல்களையும் கூறுதல் நம் கடன். பிளிசார்ட் நிறுவனத்தின் கதைத்துறைத் தலைவராயிருந்த கிறிஸ் மெட்சன், தம் நிறுவனத்தின் படக்காட்சியைக் கண்ட தம் மகள், இப்பெண்கள் எல்லாரும் ஏன் நீச்சலுடையில் இருக்கின்றனர் என்று கேட்டதை 2014ஆம் ஆண்டில் பலரறியக் கூறினார். குழந்தை கேட்ட வினா பெரியோரின் தொழிலைத் திருத்திற்று. அந்நிறுவனம் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓவர்வாட்ச் என்னும் ஆட்டத்தில், பாரம் தூக்கும் ரஷ்ய வீராங்கனையான சார்யா திரண்ட தோளோடு தோன்றினாள். 2021ஆம் ஆண்டின் ஐந்தாம் ஃபோர்சா ஹொரைசன் என்னும் காரோட்டப் போட்டியில், செயற்கைக் கையும் காலும் செவிக்கருவியும் உடைய உருவங்களைத் தேர்ந்துகொள்ள வழி செய்தனர். 2014ஆம் ஆண்டில் வெளிவந்த நான்காம் சிம்ஸ் என்னும் ஆட்டத்தில் பருமையையும் மெலிவையும் நம் விருப்பப்படி அமைக்கலாம். அதில் 2020ஆம் ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட தோல்நிறங்களும், 2023ஆம் ஆண்டில் செவிக்கருவி, நீரிழிவாளர் அணியும் சர்க்கரைமானி முதலியனவும் சேர்க்கப்பட்டன. அதே 2023இல் பெரும்புகழ் பெற்ற மூன்றாம் பால்டர்ஸ் கேட், மனித உருவுக்கு நான்கு உடலமைப்புக்களைத் தந்தது. அந்நான்கிலும் பருத்த உடல் ஒன்றேனும் இல்லை என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

தமிழர்க்குரிய செய்தி ஒன்றும் உண்டு. கனடாவின் டொராண்டோ நகரத்துச் சிறு குழுவினர் 2023ஆம் ஆண்டில் வெண்பா என்னும் விளையாட்டை வெளியிட்டனர். 1988ஆம் ஆண்டில் தமிழகத்தினின்றும் கனடா சென்ற வெண்பா என்னும் பெண்ணும், அவள் கணவன் பாவலனும், மகன் கவினுமே அதன் மாந்தர். ஆடுவோர் செய்யவேண்டியது போரன்று. கிழிந்தும் கறைபட்டும் போன பழைய சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்டலியும் புட்டும் பிரியாணியும் சமைத்தலே. அத்தலைமைப் பாத்திரம் அங்கலட்சண நூலுக்கு உதாரணமாக வரையப்பட்டவள் அல்லள். நம் தெருவில் அடுத்த வீட்டில் இருக்கத்தக்க ஒரு தாய். ஆண்டுகள் செல்லச் செல்ல அவளும் முதிர்கின்றாள். 2024ஆம் ஆண்டில் அவ்வாட்டத்திற்குப் பிரிட்டானியத் திரைக்கலைக் கழகத்தின் முதற்படைப்புப் பரிசு கிடைத்தது. உலகத்தார் ஒரு தமிழ்த் தாயின் உடலை அணிந்து அவள் அடுக்களையில் நின்றனர். அவள் அழகியோ அல்லளோ என்று கேட்டார் இலர்.

முடிவுரை

மாணவ நண்பர்காள்! விளையாட்டை விடுக என்று கூற நாம் இதனை எழுதவில்லை. ஆடுங்கால் மூன்றனை நினைவிற் கொள்க. முதலாவது, திரையிற் காணும் உடல் ஒவ்வொன்றும் ஒருவர் தேர்ந்து அமைத்ததே. தானாகத் தோன்றியது ஒன்றுமில்லை. இரண்டாவது, ‘இது இயல்பாக இல்லை’ என்று நாவில் எழும்போது, பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் நம் வீட்டிலும் உள்ளோரை ஒருமுறை நினைத்துப் பார்த்து அதன்பின் சொல்லுக. மூன்றாவது, உருவத்தைத் தேரும் உரிமை கிடைக்குங்கால், ஒருமுறையேனும் நும் உடலுக்கு வேறான உடலையும், மற்றொருமுறை நும் உடலை உள்ளவாறும் தேர்ந்து ஆடிப் பாருங்கள். உருண்டோடும் பெருந்தேரை அதன் சிறிய அச்சாணி தாங்குவதை உவமையாக்கி, வடிவத்தைக் கொண்டு ஒருவரை இகழலாகாது என்றார் வள்ளுவர். அவ்வறிவுரை தெருவிற்கு மட்டும் உரியதன்று.

நும்முட் சிலர் நாளை இத்தொழிலிலேயே புகுவீர்கள். அவர்கட்காக ஒன்று கூறி முடிப்பாம். முன்னர்க் கூறிய மாணவர் இப்பொழுது கணினிப் பிரிவில் இறுதியாண்டில் பயில்கின்றார். தம் தேர்வுப் பணிக்காக ஒரு சிறு விளையாட்டை அமைத்து வருகின்றார். சின்னாட்களுக்கு முன் அதனை எமக்குக் காட்டினார். நாயகன் பருத்த உடலினன்; பால்காரன்; விடியுமுன் ஊரெல்லாம் பால் கொடுத்து முடிக்கவேண்டும். “வலைத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் நடைகள் எல்லாம் மெலிந்தவர்களுக்கு உரியவை, ஐயா. இவனுக்குப் போட்டால் கை வயிற்றுக்குள் போய்விட்டது. அதனால் நானே நடந்து, தம்பியை விட்டுப் படம் எடுக்கச் சொல்லி, அதைப் பார்த்துக் கையால் திருத்தினேன். மூன்று வாரம் ஆயிற்று” என்றார். திரையில் அப்பால்காரன் தூக்குப் பாத்திரங்களோடு படியேறினான். மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினான். பின்னர் அடுத்த வீட்டின் கதவைத் தட்டினான். அவன் கை கதவிற் சரியாகப் பட்டது.